கடிஞையும் பீலியும்: கவுந்தியடிகளின் வழிநடை

புகாரிலிருந்து மதுரை முப்பது காதத் தொலைவு என்று சிலப்பதிகாரம் கூறும். அந்நெடுவழியைக் கோவலனும் கண்ணகியும் நடந்தே கடந்தனர். காவிரியின் வடகரையில் மேற்றிசை நோக்கி ஒரு காவதம் நடந்தபின், சோலை சூழ்ந்த தவப்பள்ளி ஒன்றில் கவுந்தியடிகளைக் கண்டு வணங்கினர். மதுரையில் வாழும் சான்றோரிடம் அறவுரை கேட்கவும் அருகனை ஏத்தவும் அடிகளும் நெடுநாள் விரும்பியிருந்தார். ஆதலின் அவ்விருவர்க்கும் வழித்துணையாகப் புறப்பட்டார்.

அவர் எடுத்துக்கொண்டவை மூன்றே பொருள்கள். ஐயம் ஏற்கும் கடிஞை, தோளில் இட்ட அறுவை, கையில் மயிற்பீலி. அறுவை என்பதை உறி என்று கொள்வாரும் உளர். இவற்றிற்கு மேல் அவர் வேண்டியது மந்திரத் துணை ஒன்றே. அதனைப் பஞ்ச மந்திரம் என உரைகாரர் விளக்குவர். சிலப்பதிகாரம் பதிவு செய்துள்ள கவுந்தியடிகளின் பயணப் பொருள்கள் இவ்வளவே.

இன்றைய திகம்பர முனிவரிடமும் மூன்று பொருள்களே உள்ளன. உயிர்களை ஊறின்றி விலக்கப் பிஞ்சி எனப்படும் மயிற்பீலி, தூய்மைக்குக் கமண்டலம், ஓதுதற்குச் சாத்திரம். அவர் கையையே கலமாகக் கொண்டு உண்பவர் ஆதலின் கடிஞையும் வேண்டுவதில்லை. மயில் தானே உதிர்த்த இறகுகளால் கட்டப்படுவது பிஞ்சி. தூசியும் வியர்வையும் பற்றாமை, மென்மை, நொய்ம்மை ஆகியன அதன் குணங்கள். ஒரு பொருள் எதற்குப் பயன்படும் என்பதோடு, அது எவ்வாறு கிடைத்தது, எவர்க்குத் தீங்கு செய்யும் என்பதையும் ஆராய்ந்த பின்னரே கையில் எடுத்தனர் முன்னோர்.

பொருளைக் காட்டிலும் அடியெடுத்து வைக்கும் முறையிலேயே அடிகளின் கருத்து ஊன்றியிருந்தது. புறப்படுமுன் அவர் வழியின் இடர்களைக் கோவலனுக்கு விரித்துரைத்தார். சோலை வழியில் கிழங்கு அகழ்ந்த குழிகளைச் சண்பகப் பூக்கள் மூடியிருக்கும். அவற்றிற்கு அஞ்சிக் கீழே நோக்கி நடந்தால் தாழ்ந்து தொங்கும் பலாப்பழம் தலையில் முட்டும். மஞ்சளும் இஞ்சியும் பின்னிக் கிடக்கும் தோட்டங்களில் பலாவின் விதைகள் பரற்கற்களைப்போல் உறுத்தும். இவை நடப்பவர்க்கு நேரும் துன்பங்கள்.

வயல்வழியில் நேர்வதோ நடப்பவரால் பிற உயிர்க்கு வரும் துன்பம். களை பறிப்போர் வரப்பில் எறிந்த குவளை மலர்களுள் வண்டுகள் உறங்கிக் கிடக்கும். நடந்து சோர்ந்தவர் அறியாமல் அவற்றை மிதித்துவிடக் கூடும். நீர்வழிகளின் ஓரத்தில் நண்டும் நத்தையும் காலடியில் நசுங்கக் கூடும். கரும்பில் கட்டிய தேன்கூடு சிதைந்து பொய்கை நீரில் கலந்திருக்கும். வேட்கை மிகுந்தவர் அதனைக் கையால் முகந்து பருகிவிடக் கூடும். தேன் விலக்கிய நெறியினர்க்கு இது எத்துணை நுட்பமான எச்சரிக்கை என்பதைத் தமிழ்ச் சமணர்க்கு விளக்க வேண்டுவதில்லை. முன்னால் நான்கு முழம் நிலத்தை நோக்கி நடக்கும் ஈரியா சமிதி என்னும் ஒழுக்கத்தையே அடிகளின் சொற்கள் மருதநிலக் காட்சியாக விரித்துரைக்கின்றன.

அம்மூவரும் நாளொன்றுக்கு ஒரு காவதத்திற்கு மிகாமல் நடந்து, பல நாள் தங்கிச் சென்றனர். பாண்டி நாட்டில் கோடை வெம்மையைக் கண்ணகியின் அடிகள் தாங்கா என்பதால், நிலவொளியில் இரவில் நடக்கலாம் எனக் கோவலன் வேண்டினான். அடிகள் அதற்கும் இசைந்தார். உடன் வருவோரின் நலிவை அறிந்து நடையை மாற்றிக்கொள்வதும் அருள் ஒழுக்கமே.

இப்பயணத்தில் அடிகளுக்கு ஒரு தவறும் நேர்ந்தது. அதனைக் காப்பியம் மறைக்கவில்லை. கோவலனையும் கண்ணகியையும் தம் மக்கள் என்று அவர் கூறக் கேட்ட வழிப்போக்கர் இருவர், ஒரு வயிற்றுப் பிறந்தோர் கணவன் மனைவியாய் வாழ்வரோ என எள்ளினர். அடிகள் அவர்களை நரிகளாகுமாறு சபித்தார். கணவனும் மனைவியும் இரங்கி வேண்டவே, பன்னிரண்டு திங்களில் சாபம் நீங்குமாறு அருளினார். நண்டும் வண்டும் நோகாமல் காலைக் காத்தவர், அவ்வொரு நொடியில் நாவைக் காக்கவில்லை. நடையின் சமிதியோடு சொல்லின் சமிதியும் ஐந்தனுள் ஒன்றாக வைக்கப்பட்டதன் காரணம் இந்நிகழ்ச்சியால் விளங்கும். வழிப்பயணத்தின் களைப்பில் முதலில் தளர்வது பெரும்பாலும் நாவே.

மதுரைப் புறஞ்சேரியில் அடிகள் கண்ணகியை மாதரி என்னும் இடைக்குல மூதாட்டியிடம் அடைக்கலமாக அளித்தார். கோவலன் சாவக நோன்பினன் என்பதை உணர்ந்த மாதரி, பகலிலேயே உணவு சமைக்கும் வகையில் தகுந்த கலங்களை விரைந்து அளிக்கச் சொன்னாள். கண்ணகி பலாக்காயும் வெள்ளரியும் மாதுளங்காயும் கொண்டு கறி சமைத்தாள். மாங்கனி, வாழைக்கனி, சாலி அரிசிச் சோறு, பாற்பயன் ஆகியவற்றோடு உணவு அமைந்தது. பனையோலைத் தவிசில் அமர்ந்து, வாழையின் குருத்திலையில் கோவலன் உண்டான். சிலம்பு விற்கப் புறப்படுமுன் அவன் உண்ட கடைசி உணவு அது. மனிதர் வகுத்த வழியின் துன்பங்களை முன்னரே உரைத்த அடிகளால் முன்வினையை மாற்ற இயலவில்லை. பின்னர் அச்செய்தி அறிந்து, உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்தார்.

காப்பியம் கூறும் இவ்வழிநடை வாழ்வுக்குக் கல்லே சான்று கூறுகிறது. மதுரைக்கு அருகில் மாங்குளத்தில், கி.மு. 2ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள், நெடுஞ்செழியன் காலத்தில் கணி நந்தாசிரியன் என்னும் துறவிக்குப் பள்ளி அமைத்ததைக் குறிக்கின்றன. புகழூர் ஆறுநாட்டார் மலையில், செங்காயபன் என்னும் யாற்றூர்த் துறவிக்குச் சேரர் குடி இளங்கடுங்கோ கற்படுக்கை செய்து கொடுத்தான். பிற்காலத்தில் அச்சணந்தி என்னும் ஆசிரியரின் பெயர் வடக்கே வள்ளிமலை முதல் மதுரை ஆனைமலை, தெற்கே சிதறால் வரை மலைகளில் பொறிக்கப்பட்டது. முதலாம் பராந்தகனின் 38ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 945இல், பட்டினிக் குரத்தியடிகள் என்னும் பெண் துறவி கிணறு வெட்டுவித்த செய்தியை விளாப்பாக்கம் கல்வெட்டு கூறுகிறது. கவுந்தியடிகள் வெறும் கற்பனைப் படைப்பாக மட்டும் அமையவில்லை என்பதற்கு இத்தகைய குரத்தியரே சான்று.

அக்கற்படுக்கைகளில் தலையணைபோல் உயர்த்திய கல்லன்றி வேறு வசதி இல்லை. அங்குத் தங்கியோர் விட்டுச் சென்றவை வழவழப்பான பாறையும் பெயர்களுமே. இன்று குடும்பத்தோடு அம்மலைகளுக்குச் செல்வோர் பலவற்றைச் சுமந்து செல்கின்றனர். நெகிழிப் புட்டிகளும் தட்டுகளும் சில குகைகளின் வாயிலில் எஞ்சுகின்றன. வடிகட்டிய நீரைச் செம்பில் கொண்டு செல்வதும், இலையில் உண்பதும், கதிரவன் மறையுமுன் உணவை முடிப்பதும் இக்குடும்பங்களின் பாட்டிமார் அறிந்த ஒழுக்கங்கள். அவற்றை மீண்டும் பயணத்தில் கைக்கொள்ளப் புதிதாகக் கற்க வேண்டுவது ஏதுமில்லை. கற்படுக்கையை வணங்கி இறங்குவோர், ஏறும்போது கொண்டு சென்றதை எல்லாம் திரும்பக் கொணர்ந்தால், அடிகள் நடந்த வழியில் தாமும் சில அடிகள் நடந்தவர் ஆவர்.