கடாரம் போன கப்பல்கள்

கி.மு. 26-இல் எகிப்தின் ரோமானிய ஆளுநர் ஏலியஸ் காலஸ் ஏறத்தாழ 10,000 வீரர்களோடு தென் அரேபியாவுக்குப் புறப்பட்டார். சாம்பிராணி வணிகத்தின் மீதுதான் ரோமின் கண். பாலைவனத்தில் வழி தெரியாமல் மாதக்கணக்கில் அலைந்தது படை. போரில் மாண்டவர்கள் ஏழே பேர் என்கிறார் அவருடைய நண்பர் ஸ்டிராபோ. இறந்த மற்றவர்களை நோயும் பசியும் கொண்டுபோயின.

ஆயிரம் ஆண்டுகள் கழித்து நம் பக்கத்துக் கடலுக்கு ஒரு படை வந்தது. அதற்கு வழி தெரிந்திருந்தது.

1025-இல் முதலாம் இராஜேந்திர சோழனின் கப்பல்கள், மலாக்கா நீரிணையைத் தன் பிடியில் வைத்திருந்த ஸ்ரீவிஜயப் பேரரசைத் தாக்கின. ஸ்ரீவிஜயம், மலையூர், இலங்காசோகம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் எனத் தாக்குண்ட ஊர்களைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது. இவற்றுள் சிலவற்றைப் பாலெம்பாங், ஆச்சே, நிக்கோபார், கெடா என்று இன்றைய வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டலாம். மன்னன் சங்கிராம விஜயோத்துங்கவர்மன் பிடிபட்டான். அவனுடைய யானைகளும் வித்யாதர தோரணம் என்ற வாயில் வளைவும் சோழர் கைக்குப் போயின.

இத்தனைக்கும் இரு அரசுகளும் நட்பாக இருந்தவை. சுமார் 1006-இல் ஸ்ரீவிஜய மன்னன் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரை எழுப்பத் தொடங்கியபோது, அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரையே கொடுத்தவர் இராஜராஜ சோழன். இருபது ஆண்டுகளுக்குள் பகை மூண்டது ஏன்? சீனாவுக்குப் போகும் கடல்வழிதான் காரணம் என்பதே பொருத்தமாகப் படுகிறது. 1015-இலேயே சோழத் தூதுக்குழு சீன அரசவைக்குப் போயிருந்தது. அந்த வழியின் சாவியோ ஸ்ரீவிஜயத்திடம் இருந்தது.

பருவக்காற்றையும் துறைமுகங்களையும் தலைமுறைகளாக அறிந்த வணிகர்கள் தமிழகத்தில் இருந்தார்கள். காலஸுக்கு வாய்க்காத பலம் அது. சோழர்கள் இங்கே நிலையான ஆட்சி எதையும் நிறுவவில்லை. வணிகர்கள் தங்கினார்கள், 1088-ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று சுமத்ராவின் பாருஸில் கிடைத்திருக்கிறது. அதே பாலெம்பாங்கிலிருந்து வந்த பரமேஸ்வராதான் பிற்காலத்தில் நம் மலாக்காவை நிறுவினார்.

அன்றைய கடாரமான கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் ‘சண்டி’ எனப்படும் பழைய கோயில் ஒன்று 2013-இல் நில மேம்பாட்டுக்காக இடிக்கப்பட்டது. இடித்த பிறகுதான் நாடு பதறியது. பாச்சாங் வாசகர்களே, அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை மெர்போக் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். மிஞ்சியிருப்பதையாவது அவர்கள் கண்ணால் பார்க்கட்டும்.