மே தினத்தில் பிறந்த ஓய்வூதியத் திட்டம்

நவதாராளமயம் என்றதும் உலக வங்கி, பன்னாட்டு நிறுவனம் என்று பெரிய விஷயங்கள்தான் நம் நினைவுக்கு வரும். அது ஒரு சாதாரணத் தொழிலாளியின் சம்பளப் பட்டியலில் ஒரு வரியாக நுழைந்த கதையைப் பார்ப்போம். நடந்த இடம் சிலி.

1973 செப்டம்பர் 11 அன்று ராணுவப் புரட்சி மூலம் ஆட்சி பினோசேயின் கைக்குப் போனது. பொருளாதாரத்தை நடத்தியவர்களில் பலர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பியவர்கள். 'சிகாகோ பையன்கள்' என்றே அவர்களுக்குப் பெயர்.

அதுவரை, இன்று உழைப்பவர்கள் கட்டும் பணத்திலிருந்து இன்றைய முதியவர்களுக்கு ஓய்வூதியம் போனது. முதலாளியும் பங்கு கட்டினார். அதில் குறைகள் இல்லாமல் இல்லை. தொழிலுக்குத் தொழில் சலுகை மாறியது, நிதி நெருக்கடியும் இருந்தது. ஆனால் 1980-ல் தொழிலாளர் அமைச்சர் ஹோசே பின்யேரா கொண்டுவந்த ஆணை, அடிப்படையையே மாற்றியது. சம்பளத்தில் 10% கட்டாயப் பிடித்தம். அது தொழிலாளியின் தனிக் கணக்குக்குப் போகும், தனியார் நிறுவனம் அதை முதலீடு செய்யும். அதற்கான கட்டணம் தனி. முதலாளியின் பங்கு ரத்து! திட்டம் தொடங்கிய நாள் 1981 மே 1, தொழிலாளர் தினம்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. ராணுவமும் போலீசும் மட்டும் பழைய முறையிலேயே இருந்துகொண்டன.

'சுதந்திரச் சந்தை' தானாக முளைப்பதில்லை, அரசு அதிகாரம்தான் அதை உருவாக்குகிறது என்று 1944-லேயே எழுதினார் கார்ல் பொலானி. சிலி அதற்கு நல்ல உதாரணம். எதிர்த்துப் பேச நாடாளுமன்றமே இல்லாத நாட்டில்தான் இந்தத் 'தனிமனித சுதந்திரம்' சட்டமானது.

விளைவு வயதான பிறகுதான் தெரிந்தது. நிரந்தர வேலை இல்லாதவர், பிள்ளை வளர்க்க வேலையை விட்ட பெண் ஆகியோரின் கணக்கில் பல மாதங்கள் வெறுமையாகவே இருந்தன. பிள்ளை வளர்ப்பது சந்தையின் கணக்கில் வேலையே அல்ல. நஷ்டத்தை நிறுவனமோ முதலாளியோ பகிர்ந்துகொள்ளவில்லை, முழுச் சுமையும் முதியவர் தலையில் விழுந்தது.

இதற்கிடையே, 1994-ல் உலக வங்கி இத்தகைய தனிக் கணக்கு முறையை மற்ற நாடுகளுக்கும் பரிந்துரைத்தது.

சிலியிலோ 2008-ல் அரசே ஏழை முதியவர்களுக்கு உதவித்தொகை தர வேண்டியதாயிற்று. 2016-ல் லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். 2019-ல் மெட்ரோ கட்டணம் 30 பெசோ கூடியதும் வெடித்த போராட்டத்திலும் ஓய்வூதியம் ஒரு முக்கியக் கோரிக்கை. கடைசியில் 2025-ல் வந்த சட்டம், முதலாளிகளும் படிப்படியாகப் பங்கு கட்ட வேண்டும் என்றது.

முதுமை என்பது தனி மனிதரின் சேமிப்புக் கணக்கா, இல்லை ஒரு தலைமுறை இன்னொரு தலைமுறைக்குத் தரும் வாக்குறுதியா? நண்பர்களே, முதல் சம்பளம் வாங்கும் நாளில் பிடித்தங்கள் பகுதியையும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.