கெம்ப் ஃபோர்ட் மாலில் ஒரு பிட்காயின் பெட்டி

போன வாரம் அக்கா பையன் போன் பண்ணினான். "மாமா, பிட்காயின்ல கொஞ்சம் போடலாமா? பேங்க்காரர்கிட்ட கேட்டா வேண்டாம்னுதான் சொல்வீங்க!" கேள்வியும் அவனே, பதிலும் அவனே :-) சரி, நம்ம பெங்களூரில் நடந்த கதையைச் சொல்கிறேன் கேளு என்றேன்.

2008-ல் சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் 9 பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. சாரம் இதுதான்: பணம் நேராகக் கை மாறும், நடுவில் வங்கி வேண்டாம். கணக்கேடு எல்லோரிடமும் இருக்கும், யாரும் தனியாகத் திருத்த முடியாது. அருமையான யோசனை, மறுக்கவில்லை.

பெங்களூரில் 2013-ல் யூனோகாயின் என்ற கம்பெனி இந்த வியாபாரத்தைத் தொடங்கியது. 2018 ஏப்ரல் 6 அன்று ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது: இப்படிப்பட்ட கம்பெனிகளோடு இருக்கும் தொடர்பை மூன்று மாதத்துக்குள் வங்கிகள் நிறுத்த வேண்டும். ரூபாய் உள்ளே போகவும் வழியில்லை, வெளியே வரவும் வழியில்லை. அந்த அக்டோபரில் பழைய ஏர்போர்ட் ரோடு கெம்ப் ஃபோர்ட் மாலில் ரொக்கம் போடவும் எடுக்கவும் ஒரு பெட்டியை வைத்தார்கள். அனுமதி இல்லை என்று அதே மாதம் போலீஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது. நிறுவனர்கள் இருவர் கைதானார்கள்.

அவர்கள் செய்தது தப்பு என்று சொல்ல வரவில்லை. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் ரிசர்வ் வங்கியின் உத்தரவையே ரத்து செய்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி வி.ராமசுப்பிரமணியன், சென்னையில் வக்கீலாக இருந்தவர்.

எனக்கு உறுத்தியது வேறு. வங்கியே வேண்டாம் என்று பிறந்த பணம், வங்கிக் கதவு மூடியதும் மூச்சுத் திணறி மால் ஓரத்தில் ரொக்கப் பெட்டியாக வந்து நின்றது. அரிசி, வாடகை, ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் ரூபாயில்தானே?

2016-ல் வந்த யூபிஐ-யைப் பாருங்கள். பிளாக்செயின் இல்லை, அதே வங்கிகள், அதே கணக்கேடுகள். 2023 ஆகஸ்ட்டில் மட்டும் 1,000 கோடி பரிமாற்றங்களைத் தாண்டியது. வகுத்தால் நொடிக்கு 3,700-க்கு மேல். பிட்காயின் சங்கிலியில் நொடிக்கு ஏழு போனாலே பெரிய விஷயம். ஒக்கலிபுரம் டீக்கடையில் ஏழு பேருக்கு மேல் வரிசையில் நின்றால்?

திருத்த முடியாத கணக்கு என்கிறார்களே, கவுண்டரில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும், திருத்த முடிவதன் அருமை! தப்பான கணக்குக்குப் பணம் போட்டுவிட்டுப் பதறி வருவார்கள். கணவர் இறந்து, பாஸ்புக்கோடு வருவார்கள். எங்களுக்கு நாமினி இருக்கிறது, புகார் எழுத இடம் இருக்கிறது. அங்கே சாவியைத் தொலைத்தால் போனது போனதுதான்.

2024 ஜூலையில் வசிர்எக்ஸ் தளத்தில் சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடு போயின. அவை எங்கே நகர்ந்தன என்று சங்கிலியில் யாரும் பார்க்கலாம். கணக்கு சுத்தமாக இருந்தது, காசுதான் இல்லை. போட்டவர்கள் கடைசியில் கோர்ட்டைத்தான் நம்பி இருந்தார்கள்.

2018-ல் வாங்கி வைத்தவர் லாபம் பார்த்திருப்பார், உண்மை. விலை ஏறுவது வேறு, உபயோகப்படுவது வேறு. "காணாமல் போனால் யாரிடம் போய்க் கேட்பாய்? அதைக் கண்டுபிடித்துவிட்டுப் போடு" என்றேன்.

பையன் இன்னும் திரும்பக் கூப்பிடவில்லை.