கொல்லிமலையில் எழுந்த புகழ்ச்சி

இறைவனின் செயல்களை நினைவில் கொள்வதே இறைப்புகழின் ஊற்று. நினைவு வற்றினால் புகழ்ச்சியும் வற்றிவிடும். அந்த இடத்தில் முறையீடு முளைத்துவிடும். செங்கடலைக் கால் நனையாமல் கடந்த இஸ்ரயேல் மக்கள், மூன்றே நாள் வழிநடந்தபின் மாராவில் தண்ணீருக்காக முறுமுறுத்தனர் என்று விடுதலைப் பயண நூல் கூறுகிறது. தாகம் உண்மையானதுதான். ஆனால் மூன்று நாளுக்கு முன் நிகழ்ந்த பேரற்புதம் அதற்குள் மறந்துபோயிருந்தது.

இந்த மறதிக்கு எதிராக வாழ்ந்த ஒரு குடும்பத்தின் வரலாறு நம் தமிழ் மண்ணிலேயே உண்டு. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையே அதன் களம். அக்குடும்பத்தினர் கத்தோலிக்கர் அல்லர். ஆயினும், பிரிந்த சகோதரர்களிடம் தூய ஆவியாரின் அருள் ஆற்றும் செயல்கள் நம்மையும் கட்டியெழுப்ப வல்லவை என்று, கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1964ஆம் ஆண்டு ஏடு நமக்குக் கற்பித்திருக்கிறது. ஆகவே அவர்களிடமிருந்து நாம் மகிழ்வோடு கற்றுக்கொள்ளலாம்.

ஜெஸ்ஸி பிராண்ட் 1907இல் இங்கிலாந்திலிருந்து இந்தியா வந்த பாப்டிஸ்ட் சபை மறைப்பணியாளர். எவ்லின், இலண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்து ஓவியம் பயின்றவர். 1913இல் மணம்புரிந்த இருவரும் கொல்லிமலையில் குடியேறினர். இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஊர்திகள் ஏறும் அம்மலைக்கு அன்று சாலை கிடையாது. நடந்தோ, மட்டக்குதிரையிலோ, டோலியிலோதான் ஏறவேண்டும். கீழ்நாட்டார் மலைக்காய்ச்சலுக்கு அஞ்சி அங்கே தங்கத் தயங்கினர். பிராண்ட் தம்பதியர் நோயாளிகளைப் பராமரித்தனர். பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டினர். தச்சு வேலையும் செங்கல் அறுக்கும் தொழிலும் கற்றுக்கொடுத்தனர். நரம்புச்சிலந்தி நோயால் வருந்தியவர்களின் காலிலிருந்து அப்புழுவைச் சிறு குச்சியில் மெல்லச் சுற்றி எடுப்பதும் ஜெஸ்ஸியின் அன்றாடப் பணிகளுள் ஒன்று.

1914இல் பிறந்த மூத்த மகன் பால் அம்மலையிலேயே வளர்ந்தார். செடி, பறவை, பூச்சி எதைக் கண்டாலும் தந்தை நின்று அதைச் சுட்டிக்காட்டி, படைத்தவரின் கைவண்ணத்தை விளக்குவார். மலைவாழ் மக்களும் அச்சிறுவனுக்கு ஆசான்கள் ஆயினர். ஒருமுறை படிவயலில் சிறுவர்கள் தவளை பிடித்து விளையாட, கலங்கிய நீர் கீழ்வயலுக்கு வழிந்தோடியது. வயல்வரப்புகளைக் காத்துவந்த ஒரு தாத்தா அங்கு வந்தார். ஒரு கை சேற்றை அள்ளிக் காட்டி, ஆண்டுதோறும் சோறு தருவது இந்த மண்தான் என்றும், ஓடையோடு கீழே போன மண் திரும்ப மலையேறி வராது என்றும் அவர்களுக்கு உணர்த்தினார். முதுமையிலும் பால் அந்தப் பாடத்தை மறவாமல் எழுதிவைத்தார். இறைவனின் கொடையை வீணாக்காமல் காப்பதும் ஒருவகைப் புகழ்ச்சியே அன்றோ?

ஒன்பது வயதில், 1923இல், பால் தம் தங்கையுடன் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டார். அதன்பின் தந்தையை அவர் இவ்வுலகில் காணவே இல்லை. கடிதங்கள் மட்டும் தவறாமல் வந்தன. 1929 சூன் 15 அன்று, மலேரியாவை ஒட்டி வரும் கொடிய கருநீர்க் காய்ச்சலால் ஜெஸ்ஸி கொல்லிமலையில் இறந்தார். செய்தியைத் தந்தி விரைந்து கொண்டு சேர்த்தது. கப்பல் அஞ்சலில் வந்த அவரது கடைசிக் கடிதமோ அதற்குப் பிறகே மகனின் கையை அடைந்தது.

இறந்துவிட்ட தந்தை, அக்கடிதத்தில் மலைக்காட்டின் மணத்தையும் மண்ணின் நிறத்தையும் உதிர்ந்து குவிந்த சருகுகளையும் வியந்து எழுதியிருந்தார். இவற்றைக் கண்டு மகிழப் பெரிய அறிவியல் தேவையில்லை. கண்டதைக் கவனித்து, நினைவில் பதித்து, இத்தகைய உலகில் தன்னை வைத்த இறைவனுக்கு எந்நாளும் நன்றி சொன்னால் போதும் என்று மகனுக்கு அறிவுறுத்தியிருந்தார். பதினைந்து வயதுகூட நிறையாத சிறுவனுக்கு அதுவே தந்தையின் இறுதி உரை ஆயிற்று.

கவனிக்கக் கற்ற அந்தக் கண்கள் வீணாகவில்லை. மருத்துவரான பால் பிராண்ட் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு ஆண்டு செங்கற்பட்டில் தொழுநோயாளரின் முடங்கிய கைகளைக் கண்டு ஆராயத் தொடங்கினார். அவர்களுடைய விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை; வலியுணர்வு அற்றுப்போனதால், சூடுபட்டதும் வெட்டுப்பட்டதும் தெரியாமல் சிதைகின்றன என்று கண்டறிந்தார். நலமான தசைநாண்களை இடம்மாற்றிப் பொருத்தும் அறுவைச் சிகிச்சையால் பலருடைய கைகள் மீண்டும் உழைத்தன. நாம் சாபம் என வெறுக்கும் வலியையே உடலைக் காக்கும் கொடை என்று அவர் போற்றினார். மனித உடலின் வியத்தகு அமைப்பைப் பற்றி 1980இல் பிலிப் யான்சியுடன் இணைந்து வெளியிட்ட நூலுக்கு, 139ஆம் திருப்பாடலிலிருந்தே தலைப்பை எடுத்தார். 2003இல் அவர் மறைந்தார்.

கணவரை இழந்த எவ்லினோ தம் பணியைக் கைவிடவில்லை. ஓய்வுபெறும் வயது வந்ததும் மறைப்பணிக் கழகம் அவரை விடுவித்தது. எழுபது வயதில் தம் சொந்தப் பொறுப்பில் பணியைத் தொடர்ந்தார். கொல்லிமலையோடு பிற மலைத்தொடர்களிலும் குதிரையேறி ஊர் ஊராகச் சென்றார். இறுதி இருபது ஆண்டுகளில் தம் வீட்டில் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை. தம் முகத்தைப் பார்க்க மறந்து, பிறர் முகத்தைப் பார்த்து வாழ்ந்த அத்தாய் 1974இல், 95ஆம் வயதில் இறந்து, கொல்லிமலையில் கணவரின் அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

துயரம் நேர்ந்த வீட்டில் இறைவனைப் புகழ இயலுமா என்று பலர் கேட்பதுண்டு. துயர நேரத்தில் புதிதாகப் புகழ்ச்சியைத் தேடினால் அது எளிதில் கிட்டாது. நல்ல நாள்களில் சேர்த்துவைத்த நினைவே அந்நாளில் நம்மைத் தாங்கும். ஜெஸ்ஸியின் கடிதம் அதைத்தான் செய்தது. தம் பாடுகளுக்கு முந்திய இரவில் நன்றி செலுத்தி அப்பத்தைப் பிட்ட ஆண்டவரும், அதைத் தம் நினைவாகச் செய்யவே நம்மைப் பணித்தார். ஒவ்வொரு திருப்பலியும் அந்த நினைவின் நன்றிப்பலியே.

இன்று மாலை குடும்பச் செபமாலை முடிந்ததும், அன்று கண்ட இறைச்செயல் ஒன்றை ஒவ்வொருவரும் சொல்லட்டும். பெய்த மழையாகவோ, தணிந்த காய்ச்சலாகவோ, அயலார் செய்த உதவியாகவோ அது இருக்கலாம். நம் பிள்ளைகளுக்கு நாம் எழுதிவைக்கும் கடிதம் அதுவே.