திருநாமமும் அதன் குறுக்கமும்

நத்தார் திருநாள் நெருங்குங்கால் மாத்தளைக் கடைத்தெருவிலும், இலங்கையின் ஏனைய நகரங்களிலும் விற்பனையாகும் வாழ்த்து மடல்கள் சிலவற்றில் ‘எக்ஸ்மஸ்’ என்னும் ஆங்கிலச் சொல் காணப்படும். கிறிஸ்துவின் பெயரை அழித்து அவ்விடத்தில் ஒரு பெருக்கற்குறியை இட்டுவிட்டனரே எனப் பக்தியுள்ளோர் பலர் மனம் நோகின்றனர். அந்நோவு இகழத்தக்கதன்று. ஆயினும் வரலாறு வேறொரு செய்தியைக் கூறுகின்றது.

அக்குறி ஆங்கில எழுத்தே அன்று. கிரேக்க மொழியிலே கிறிஸ்து என்னும் சொல்லின் முதலெழுத்தாகிய ‘கி’. ஆங்கில நாட்டுத் துறவியர் 1100ஆம் ஆண்டை ஒட்டியே தம் வரலாற்றேட்டில் இத்திருநாளை அவ்வெழுத்தால் குறித்தனர். தமிழர் கி.மு., கி.பி. என்று எழுதுங்காலும் அதே திருப்பெயரின் முதலெழுத்தையே எழுதுகின்றனர். அதனால் எவரும் நொந்ததாகத் தெரியவில்லை!

இவ்வழக்கத்தின் வேர் இன்னும் ஆழமானது. எகிப்து நாட்டு மணலினின்று கிடைத்த பழைய பாப்பிரசு ஏடுகளிலும், 4ஆம் நூற்றாண்டைச் சார்ந்த சீனாய் விவிலியப் படியிலும், கடவுள், ஆண்டவர், இயேசு, கிறிஸ்து என்னும் சொற்கள் பெரும்பாலும் முதலெழுத்தும் ஈற்றெழுத்துமாகக் குறுக்கப்பெற்று, மேலே ஒரு கோடும் இடப்பெற்றுள்ளன. இடத்தை மிச்சப்படுத்தவோ எனின், அன்று. நீண்ட சாதாரணச் சொற்களை முழுமையாக எழுதி, பக்கத்தின் ஓரங்களையும் தாராளமாக விட்ட எழுத்தர், இச்சிறு சொற்களை மட்டும் குறுக்குவானேன்? யூதர் தம் இறைவனின் நான்கெழுத்துத் திருப்பெயரை வாயால் உச்சரிக்க அஞ்சி, ஏட்டிலும் தனிச் சிறப்போடு போற்றினர். அம்மரபின் வழியே இக்குறுக்கம் பிறந்தது என்று 1907இல் செருமானிய அறிஞர் லூட்விக் திராவுபே எழுதினார். தோற்றம் பற்றி அறிஞர்தம் கருத்து வேறுபடினும், இது மதிப்பின் அடையாளம் என்பதைப் பலரும் ஒப்புவர்.

15ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலே நிகழ்ந்தது இதனினும் வியப்புடைத்து. சியன்னா நகரத்து பெர்னார்தீன் என்னும் துறவி, இயேசுவின் பெயரைக் குறிக்கும் மூன்றெழுத்தைக் கதிரவன் ஒளிவட்டத்துள் தீட்டிய பலகையை ஏந்தி ஊரூராகப் போதித்தார். அவர்மீது குற்றச்சாட்டு எழுந்தது, உரோமைக்கும் அழைக்கப்பட்டார். குற்றம் யாது? பெயரைக் குறுக்கி இழிவுசெய்தார் என்பதன்று. எழுத்துகளையே மக்கள் வணங்கும்படி செய்துவிட்டார் என்பதே! பாப்பரசர் ஐந்தாம் மார்ட்டின் அவரை விடுவித்தார்.

புனித நூலைக் குறுக்கி எழுதும் வழக்கத்தைக் காண அத்துணைத் தொலைவு செல்லவும் வேண்டுவதில்லை. மாத்தளை நகருக்கு வடக்கே சிறிது தொலைவில் அலுவிகாரைக் குகைகள் உள்ளன. வாய்மொழியாக வந்த திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அங்கேதான் ஏட்டில் எழுதப்பெற்றது என்பது மரபு. அம்மறையைப் படியெடுத்த பிற்கால ஏடுகளிலே, மீண்டும் மீண்டும் வரும் பகுதிகளுக்குப் பதிலாக ‘பெ’ என்னும் ஓரெழுத்து நிற்கும். ‘பெய்யாலம்’ என்னும் பாளிச் சொல்லின் குறுக்கம் அது. விடுபட்ட வாசகத்தை ஓதுவோர் தாமே நிரப்பிக்கொள்வர்.

இதே மாவட்டத்தில் வஹாக்கோட்டை என்றொரு பழைய கத்தோலிக்கக் கிராமம் உண்டு. கண்டி மன்னர் காலத்தில் அங்குக் குடியேறிய போர்த்துக்கேயரின் வழிவந்தோர் அதன் பழைய குடிகள் என்பர். அங்குள்ள அந்தோனியார் ஆலயத்திற்குச் சிங்களவரும் தமிழரும் யாத்திரை செல்வர். அப்புனிதரின் பெயரைப் பழைய தமிழ்ச் செபப்புத்தகங்கள் ‘அர்ச். அந்தோனியார்’ என்றே அச்சிட்டன. அர்ச்சியசிஷ்ட என்னும் நெடிய சொல்லுக்கு அந்தப் புள்ளியே காவல். ஆயினும் செபம் சொல்லுவோர் எவரும் ‘அர்ச்’ என்று வாசித்து நிறுத்துவதில்லை.

வேறுபாடு இங்கேதான் தோன்றுகின்றது. பழைய எழுத்தர் கண்ணுக்காகக் குறுக்கினர், நாவுக்காகக் குறுக்கவில்லை. கோயிலில் ஏட்டைப் படித்தவர் இரண்டெழுத்தைக் கண்டு ‘இயேசு’ என்று முழுமையாகவே ஒலித்தார். ‘எக்ஸ்மஸ்’ என்பதோ எழுதியவாறே வாயாலும் சொல்லப்படுகின்றது. சொல்லுவோருள் அவ்வெழுத்து யாருடைய பெயர் என்று அறிந்தோர் சிலரே. கி.பி. என்பதும் அவ்வாறே ஒலிக்கப்படுவது மெய்தான். எனினும் அது ஆண்டுக் கணக்கு, வாழ்த்து அன்று. மடலை அச்சிட்ட வணிகர்மீது சினங்கொள்வதினும், வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் கிரேக்க எழுத்தின் பெயரைச் சொல்லிக்கொடுப்பது எளிது. அதன்பின் அம்மடலைக் கையிலெடுக்கும் பிள்ளை, அதனைக் ‘கிறிஸ்து பிறப்பு’ என்றே வாசிக்கும்.