ஏபர்குரோம்பி கடைகளின் தோற்றக் கொள்கை

தோற்றக் கொள்கை என்பது ஏபர்குரோம்பி அண்டு ஃபிட்ச் என்ற அமெரிக்க ஆடை நிறுவனம், தன் கடைப் பணியாளர்களின் உடை, முடி, ஒப்பனை ஆகியவை எப்படி இருக்க வேண்டும் என்று வகுத்திருந்த விதித்தொகுப்பு ஆகும். விற்பனையாளரின் தோற்றத்தை வேலைத் தகுதியாகக் கொள்ளலாமா என்ற கேள்வி இந்நிறுவனத்தைப் பலமுறை நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றது.

பின்னணி

1892இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் முதலில் வேட்டை, மீன்பிடிப்பு, முகாம் ஆகியவற்றுக்கான பொருட்களை விற்றது. 1992இல் மைக் ஜெஃப்ரீஸ் தலைமை ஏற்றபின் கல்லூரி இளைஞர்களுக்கான ஆடைக்கடையாக மாறியது. கடையில் நிற்பவர்களே விளம்பரம் என்று கருதப்பட்டதால், விற்பனையாளர்களுக்கு 'மாடல்' என்றே பதவிப்பெயர் இடப்பட்டது. துணி மடிப்பதும் வாங்க வருவோருக்கு உதவுவதும்தான் வேலை. ஆனால் ஆள் எடுக்கும்போது முகமும் உடல்வாகும் பார்க்கப்பட்டன.

2003ஆம் ஆண்டு வழக்கு

லத்தீன், ஆசிய, ஆப்பிரிக்க வழி அமெரிக்கர்கள் சிலர் 2003இல் சான் பிரான்சிஸ்கோ கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். தங்களுக்கு வேலை மறுக்கப்பட்டது, அல்லது வாடிக்கையாளர் கண்ணில் படாத சரக்கறை வேலையே தரப்பட்டது என்பது அவர்களின் குற்றச்சாட்டு. நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. எனினும் 2004இல் சமரசமாக 4 கோடி டாலர் வழங்கவும், ஆளெடுக்கும் முறையையும் விளம்பரங்களையும் மாற்றவும் இசைந்தது.

முக்காடு வழக்கு

2008இல் ஓக்லகோமா மாநிலத்தின் டல்சா நகரில் சமந்தா எலாஃப் என்ற 17 வயது முஸ்லிம் பெண் முக்காடு அணிந்து நேர்காணலுக்குச் சென்றார். நேர்காணலில் தேறியும், தலையில் எதுவும் அணியக்கூடாது என்ற விதியால் வேலை கிடைக்கவில்லை. அவர் சார்பில் சமவேலைவாய்ப்பு ஆணையம் வழக்காடியது. 2015 ஜூன் 1 அன்று உச்ச நீதிமன்றம் 8-1 என்ற கணக்கில் ஆணையத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. விதி எல்லோருக்கும் பொதுவானது என்ற வாதம் ஏற்கப்படவில்லை.

விளைவு

2015 ஏப்ரலிலேயே, உடல்வாகையோ அழகையோ பார்த்து ஆள் எடுப்பதில்லை என்று நிறுவனம் அறிவித்து, 'மாடல்' என்ற பதவிப்பெயரையும் கைவிட்டது.

இவ்விரு வழக்குகளும் அழகின் பெயரால் தொடுக்கப்பட்டவை அல்ல. இனம், நிறம், சமயம், பாலினம், பிறப்பிட வழி ஆகியவற்றால் பாகுபாடு காட்டுவதை 1964ஆம் ஆண்டின் குடிசார் உரிமைச் சட்டம் தடுக்கிறது; தோற்றம் அப்பட்டியலில் இல்லை. வாஷிங்டன் டி.சி. போன்ற சில இடங்களில் மட்டுமே அதற்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. ஆகவே 'அழகாக இல்லை' என்று மட்டும் சொல்லி ஒதுக்கப்படும் விற்பனையாளருக்கு, அமெரிக்காவின் பெரும்பகுதியில் வழக்காட வழி குறைவு.