ஊசிநூலைக் கடைசியில் கோரு

பெரியம்மையிடமிருந்து வந்த பழைய மூன்று நூல் ஓவர்லாக் மெஷின் என்னை நாலு சாயங்காலம் அழவைத்தது. கீழ் லூப்பர் நூல் அறுந்தது. கோர்த்தேன். இரண்டு அங்குலம் ஓடியதும் மறுபடி அறுந்தது. நூல் மட்டமென்று கோனை மாற்றினேன், டென்ஷனைக் குறைத்தேன், ஊசியைக்கூட மாற்றிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் பெரியம்மைக்கே போன் போட்டேன். "மக்கா, ஊசிநூல உருவிட்டா கோத்த?" என்று கேட்டாள். இல்லை. "பொறவு எப்பிடி நிக்கும்?"

விஷயம் இதுதான். இந்த மெஷினில் பாபின் கிடையாது. ஊசி கீழே கொண்டுவரும் நூல் வளையத்துக்குள் கீழ் லூப்பர் நுழைகிறது. அதன் நூலை மேல் லூப்பர் பிடிக்கிறது. அதை மறுபடி ஊசி பிடிக்கிறது. ஊசியில் நூல் இருக்கும்போதே கீழ் லூப்பரைக் கோர்த்தால், புது நூல் ஊசிநூலோடு குறுக்கே சிக்கிக்கொள்ளும். ஓடத் தொடங்கியதும் அறும். அதனால் முதலில் மேல் லூப்பர், அடுத்து கீழ் லூப்பர், கடைசியில் ஊசி. கீழ்நூல் மட்டும் அறுந்தாலும் ஊசிநூலை உருவிவிட்டுத்தான் கோர்க்க வேண்டும். பழைய மெஷின் என்றால் இன்னொன்றும் உண்டு: பாதத்தைத் தூக்கினாலும் சிலவற்றில் டென்ஷன் தட்டு திறக்காது. குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டு நூலைத் தட்டுகளுக்கிடையில் நன்றாக இழுத்து உட்காரவைக்க வேண்டும். இல்லையென்றால் நூல் தட்டின் விளிம்பில் மிதக்கும், தையல் தொளதொளவென்று தொங்கும்.

இந்தத் தையலே குரோஷாவிலிருந்து வந்தது என்பது பிறகு தேடியபோதுதான் தெரிந்தது. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் மெர்ரோ குடும்பத்துக்குப் பின்னலாடை ஆலை இருந்தது. பின்னிய துணியின் ஓரம் பிரியாமலிருக்க, குரோஷா ஊசி செய்யும் வேலையைச் செய்யும் இயந்திரம் ஒன்றை 1881இல் அங்கே உருவாக்கினார்கள். ஓவர்லாக்கின் தொடக்கம் அது.

அதற்கு அறுபது வருடம் முன்பே நம்ம நாகர்கோவிலில் பெண்கள் நூல் வரிசையைக் கற்றுக்கொண்டிருந்தார்கள். லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1819இல் கணவர் சார்லஸ் மால்ட்டோடு இங்கே வந்து, பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். 1820களின் தொடக்கத்தில் அங்கே லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திண்டு மேல் ஊசிகள் குத்தி, மரக்குச்சிகளில் சுற்றிய நூல்களை ஜோடி ஜோடியாகக் கையாளும் வேலை. உண்மையில் அசைவு இரண்டே இரண்டு: குறுக்கே போடுவது, முறுக்குவது. ஒரு குச்சி வரிசை தப்பினால் அதுவரைக்கும் பிரிக்க வேண்டியதுதான்.

லேஸுக்கும் ஓவர்லாக்குக்கும் நேரடி உறவு ஒன்றுமில்லை, அப்படி ஒட்டவைக்க எனக்கு ஆசையுமில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளில் அடிமைச் சாதிகளைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். லேஸ் விற்ற காசில் தங்கள் விடுதலையை வாங்கியவர்கள் உண்டு. திருவிதாங்கூர் அடிமைமுறையை ஒழித்ததோ 1855இல்தான். அதே காலத்தில்தான் தோள்சீலைப் போராட்டமும் நடந்தது. சாணார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமையை 1859 அரசாணையில்தான் முழுதாக ஒப்புக்கொண்டார்கள், அதுவும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு. அந்தக் காலத்துக் குப்பாயத்தை யாரோ வெட்டி, யாரோ கையால் தைத்திருக்க வேண்டும். மிஷன் குறிப்புகளில் மால்ட் அம்மையார் பெயர் இருக்கிறது. திண்டு முன்னால் குனிந்திருந்தவர்களின் பெயரைத் தேடிப் பாருங்கள், விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பெரியம்மையும் எந்தப் புத்தகத்திலும் வரப்போவதில்லை. மெஷினோடு வந்த கையேடு எப்போதோ கரையான் தின்றுபோனது. அடுத்த தடவை போகும்போது அவள் கோர்க்கிற வரிசையை வீடியோ எடுத்துவைக்க வேண்டும். இப்போதைக்கு ஊசிநூலை உருவிவிட்டுக் கோர்த்தேன். ஒரு பாவாடை ஓரம் முழுக்க அறாமல் ஓடிவிட்டது.